டிபோர்ட்டேஷன் ஆர்டர் ரத்து: புதுச்சேரி ஏஜென்சிகளிடம் ஏமாறாதீர்கள்

பிரிட்டனில் சிறைத் தண்டனை முடிந்து, டிபோர்ட்டேஷன் ஆர்டரில் (நாடு கடத்தும் உத்தரவு) அனுப்பப்பட்டவர் கடலூரில். மனைவி, பிள்ளைகள் அங்கே. இப்படி ஒரு குடும்பத்திடம் புதுச்சேரி விசா ஏஜென்சி ஒன்று ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு, அந்த ஆர்டரை ரத்து செய்யும் கேஸையே கெடுத்து வைத்திருக்கிறது.

முதல் பொய், "பத்து வருஷம் ஆனா ஆர்டர் தானா போயிடும்." போகாது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வருடத் தடை என்பதெல்லாம் விசா விதியை மீறியவர்களுக்கானது. டிபோர்ட்டேஷன் ஆர்டர் ஹோம் ஆபீஸ் (பிரிட்டன் உள்துறை) ரத்து செய்யும்வரை உயிரோடுதான் இருக்கும். அது இருக்கும்போதே ஸ்பௌஸ் விசா (கணவன்/மனைவிக்கான விசா) போட வைத்தார்கள். ரிஜெக்ட். கட்டிய விசா ஃபீஸும் போச்சு.

பிறகுதான் ரத்து மனு போட்டார்கள், அதுவும் நிராகரிப்பு. இங்கேதான் பெரிய கேடு. மேல்முறையீட்டு உரிமை உண்டு என்று கடிதத்திலேயே இருந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்குக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 28 நாள் (பிரிட்டனுக்குள் இருந்தால் கடிதம் அனுப்பியதிலிருந்து 14). ஏஜென்சியோ "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று ஹோம் ஆபீஸுக்கு மெயில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தது. மெயில் போட்டால் கெடு நிற்காது. அப்பீல் போக வேண்டியது ஃபர்ஸ்ட் டயர் டிரைப்யூனலுக்கு (குடியேற்ற அப்பீலை விசாரிக்கும் பிரிட்டன் தீர்ப்பாயம்), ஆன்லைனில். விசாரணையோடு 140 பவுண்டு, காகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு என்றால் 80. அறுபதாயிரம் "கோர்ட் ஃபீஸ்" என்று எழுதிக் கொடுத்த ரசீதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கெடு தாண்டியிருந்தால் அப்பீலோடு கால நீட்டிப்பும் கேட்கலாம். தாமதத்துக்குக் காரணத்தை நம்ப வைக்க ஏஜென்சி ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அவர்களுக்கு நீங்கள் எழுதிய புகார் எல்லாம் தேதிவாரியாக வேண்டும். எதையும் அழிக்காதீர்கள்.

குடும்பக் காரணத்துக்கு ஏஜென்சி வைத்த ஆதாரம் கல்யாண ஆல்பமும் பிறந்தநாள் போட்டோவும். நீதிபதி பார்ப்பது வேறு. பிரிட்டனின் 2002 குடியுரிமை, குடியேற்ற, புகலிடச் சட்டத்தின் 117சி பிரிவுப்படி, சிறைத் தண்டனை ஒரு வருடத்துக்குக் குறையாமல் நான்கு வருடத்துக்குள் என்றால், துணைக்கோ பிள்ளைக்கோ நேரும் பாதிப்பு அளவுக்கு மீறிய கொடுமையா என்பதே கேள்வி. பிள்ளை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றதாகவோ ஏழு வருடம் அங்கே தொடர்ந்து வாழ்ந்ததாகவோ இருக்க வேண்டும். நான்கு வருடமும் அதற்கு மேலும் என்றால் இதையும் தாண்டிய மிக வலுவான காரணம் காட்ட வேண்டும். ஆகவே தேவை பள்ளிக் கடிதம், டாக்டர் கடிதம், யாரையும் சாராத சோஷியல் வொர்க்கரின் அறிக்கை, தினசரி போன் கால் பதிவு, அனுப்பிய பணம், மனைவி, பிள்ளைகள் இங்கே வந்துபோன பாஸ்போர்ட் முத்திரை. "பிள்ளை அப்பாவுக்காக ஏங்குகிறது" என்ற ஒற்றை வரி போதாது. ஏங்கி என்ன ஆனது, தூக்கமா, படிப்பா, யார் கவனித்து எழுதினார்கள்? மஞ்சக்குப்பம் நோட்டரி சீல் மட்டும் குத்திய தமிழ்ச் சான்றிதழ் உதவாது. மொழிபெயர்த்தவர் "சரியான மொழிபெயர்ப்பு" என்று எழுதி, பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் தர வேண்டும்.

"இங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொல்லிடலாம்" என்பதும் அரைகுறை. வெளிநாட்டிலிருந்து வாய்மொழி சாட்சி சொல்ல அந்த நாட்டின் ஆட்சேபம் இல்லை என்று தெரிய வேண்டும். டிரைப்யூனலிடம் முன்கூட்டியே எழுப்புங்கள். பிரிட்டனில் இருக்கும் மனைவியின் சாட்சியைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டும்.

ஆளைப் பிடிக்கும்போது பிரிட்டன் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) பதிவேட்டிலோ, குடியேற்ற ஆலோசகர்களைப் பதிவு செய்யும் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியின் பதிவேட்டில் மூன்றாம் நிலையிலோ (டிரைப்யூனலில் வாதாட அனுமதி உள்ள நிலை) பெயர் இருக்கிறதா பாருங்கள். ஆர்டர் ரத்தானாலும் விசா தனி மனு. பழைய தண்டனையை அங்கே மறுபடி பார்ப்பார்கள். "ரத்து, விசா ரெண்டும் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்று யாராவது ரேட் சொன்னால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.