ஒரு ஆளுக்குத்தான் காசு: பிசியோவா, ஜிம் மாஸ்டரா, குசினி அக்காவா?

மட்டக்களப்பில் கூடைப்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அமெரிக்கா வராமல் இருக்காது. நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து வந்த யேசு சபைத் துறவிகள்தான் புனித மிக்கேல் கல்லூரியில் இந்த ஆட்டத்தை வளர்த்தார்கள். வெபர் அடிகளாரின் பெயரில் நகரில் மைதானமே இருக்கிறது. பந்து வந்து சேர்ந்தது. அங்கே பந்துக்குப் பின்னால் நிற்கும் கூட்டம்தான் வரவில்லை. பெரிய அமெரிக்கக் கல்லூரி அணிகளில் கோச்சைத் தவிர, காயம் பார்க்க ஒருவர், உடல்வலுவுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று சம்பளத்துக்கு ஆட்கள் இருப்பார்கள். எங்கள் பல்கலைக்கழக அணியில் ஒரு மனேஜரும் ஒரு தண்ணீர்க் கேனும். அந்த மனேஜர் நான்.

இந்த முறை பழைய மாணவர்கள் மாதாமாதம் கொஞ்சம் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஆளுக்குப் போதும். யாரை வைப்பது என்பதில்தான் இழுபறி.

கூட்டத்தில் முதலில் எழுந்த பெயர் பிசியோ, அதாவது இயன்மருத்துவர். படித்தவர், கையில் பட்டம், மறுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் இந்தக் காசுக்கு அவர் வாரம் ஒரு நாள்தான் வருவார். காயம் கலண்டர் பார்த்து வருவதில்லை. நான் விளையாடிய காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, குதித்து இறங்கியபோது என் முழங்காலுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். இரண்டு மணித்தியாலத்தில் கால் பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. சத்தமும், அவ்வளவு சீக்கிரம் வீக்கமும் சேர்ந்து வந்தால் உள்ளே தசைநார் அறுந்திருக்கக்கூடும் என்று அன்று மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாது. முறிவு நெரிவு வைத்தியர் ஒருவரிடம் எண்ணெய்க் கட்டோடு மூன்று மாதம் போனது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரிடம் கொண்டுபோனது நாங்கள்தான்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில் உண்டு: அத்லெட்டிக் ட்ரெய்னர். நம் ஊரில் ட்ரெய்னர் என்றால் ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித் தருகிறவர். அங்கே அது காயத்தையும் முதலுதவியையும் முறையாகப் படித்து, பயிற்சி நேரம் முழுக்க ஓரத்தில் நிற்கிற ஆள். 1950-இலேயே அவர்களுக்குத் தேசியச் சங்கம் வந்துவிட்டது. ஆள் இருந்தாலும் போதாது என்பதற்கும் அங்கேதான் உதாரணம். 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 19 வயது வீரர் ஒருவர் பயிற்சியில் வெப்பத்தாக்கத்தால் விழுந்து, இரண்டு வாரத்தில் இறந்துபோனார். படித்த ஆட்கள் இருந்தும் அவரை உடனே குளிர்நீரில் இறக்கவில்லை என்று விசாரணை சொன்னது. உடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் போய்ப் புத்தி தடுமாறினால், முதலில் கழுத்துவரை ஐஸ் தண்ணீர், பிறகுதான் வாகனம். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் மாலை நாலு மணிக்குப் பயிற்சி வைக்கிற நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஒரு பெரிய பீப்பாவும், கல்லடி மீன்வாடியில் சொல்லிவைத்தால் வரும் ஐஸ் பெட்டியும் போதும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வந்து சேரும்வரை அதுதான் வைத்தியம்.

ஜிம் மாஸ்டருக்கு ஆதரவு முழுக்கப் பொடியன்களிடமிருந்து. நான் நீட்டி முழக்கப் போவதில்லை. அவர் தருவதில் உருப்படியான பாதியை இலவசமாகவே எடுக்கலாம். பீஃபா கால்பந்துக்காக உருவாக்கிய ‘11 பிளஸ்’ என்ற சூடேற்றும் பயிற்சியில் 15 அசைவுகள். 20 நிமிடம் போதும், மெஷின் வேண்டாம். ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கப்டன் படித்துக்கொண்டால் முடிந்தது. மற்றப் பாதி அவர் பையோடு வரும் புரோட்டீன் டப்பா. ஒரு ஸ்கூப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம்; நாலு முட்டையிலும் அதேதான். முட்டைக்குள் தடைசெய்த மருந்து கலந்திருக்குமோ என்று பயப்படத் தேவையில்லை. டப்பாவில் கலந்திருந்து பரிசோதனையில் மாட்டினால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

சரி, சாப்பாடு. இதை யாரும் போட்டியாகவே எடுக்கவில்லை, சிரித்தார்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் சிரிப்பான நிலைதான். கல்லூரி வீரருக்கு பேகல் என்ற வளைய ரொட்டி கொடுக்கலாம், அதன்மேல் சீஸ் தடவினால் அது ‘சாப்பாடு’, விதிமீறல். 2014 ஏப்ரலில், அந்த ஆண்டு கல்லூரிக் கூடைப்பந்து சாம்பியன் அணியின் ஷபாஸ் நேப்பியர் பசியோடு படுத்த இரவுகளைப் பற்றிச் சொன்னார். சில நாட்களிலேயே கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவு வீரர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட முடிவானது.

எங்கள் பொடியன்கள் பசியோடு படுப்பதில்லை. ஆனால் காலையில் பாணும் சம்பலும், மதியம் சோற்றுப் பார்சல், ஆறரைக்குப் பயிற்சி முடிந்தால் பிளேன்டீ, ஒன்பது மணிக்குக் கொத்து. உடம்பு கேட்கிற நேரத்தில் ஒன்றும் உள்ளே போவதில்லை. ஒரு நாள் தராசு கொண்டுபோய் நிறுத்தேன். பயிற்சிக்கு முன் 71.2 கிலோ இருந்த ஒருவன், முடிந்தபோது 69.6. ஒன்றரை லீற்றருக்கு மேல் வியர்வையாகப் போயிருக்கிறது, குடித்ததோ அரைப் போத்தல். கடைசிப் பத்து நிமிடம் அவன் எறிந்த பந்து ஏன் வளையத்தைத் தொடவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இதற்குப் போசாக்கு நிபுணர் வேண்டுமா? ஒரு தடவை வந்து அட்டவணை போட்டுத் தரட்டும். அதிலும் நோன்புக் காலத்துக்கு: அணியில் பாதிப் பேர் அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம், விடியமுன் சஹருக்கு என்ன, நோன்பு திறந்து கஞ்சிக்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் ஓடலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அட்டவணையைச் சட்டியில் போடுவது விடுதிக் குசினி அக்கா. ஆறரைக்கு அவித்த முட்டை இரண்டு, வாழைப்பழம், தயிர்ச்சோறு கிடைக்குமா என்று கேட்டேன். “அதுக்கென்ன மனே, கடலையும் அவிச்சு வைக்கட்டா?” என்றார். மூன்று மாதக் கூட்டத்தில் நான் கேட்ட முதல் உருப்படியான பதில்.

ஆகவே என் கை தூக்கல் இப்படி: முதலுதவியும் காயமும் ஒழுங்காகப் படித்த, தினமும் மைதானத்தில் நிற்கக்கூடிய ஒருவருக்கு முக்கால் பங்கு. மீதி அக்காவுக்கும் முட்டைக்கும். பிசியோவைத் தேவைப்படும்போது காசு கொடுத்துக் கூப்பிடலாம். ஜிம் மாஸ்டர் நட்பாக வந்து போகட்டும், பையை வீட்டில் வைத்துவிட்டு. கூட்டம் இன்னும் முடிவெடுக்கவில்லை. பீப்பாவை மட்டும் நான் என் காசில் வாங்கிக் கம்பத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பொடியன்கள் அதில் சப்பாத்துக் கழுவுகிறார்கள், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.