ஒற்றை டிராம்போனில் தொடங்கும் புத்தகம்

லாயிட் மாஸ் எழுதி, மார்ஜரி பிரைஸ்மன் ஓவியம் தீட்டிய 'ஜின்! ஜின்! ஜின்! எ வயலின்' 1995-இல் வெளிவந்த ஆங்கிலப் படப் புத்தகம். அடுத்த ஆண்டு அதன் ஓவியங்களுக்கு, அமெரிக்காவில் சிறந்த படப் புத்தக ஓவியத்துக்கு அளிக்கப்படும் கால்டெகாட் விருதின் 'ஹானர்' சிறப்பும் கிடைத்தது.

முதலில் ஒரு டிராம்போன், அதாவது குழாயை நீட்டிச் சுருக்கி ஊதும் பித்தளைக் கருவி, தனியாக முழங்குகிறது. டிரம்பெட் சேர்ந்ததும் இரண்டாகிறது, பிரெஞ்சு ஹார்ன் சேர்ந்ததும் மூன்றாகிறது. பிறகு பெரிய வயலின் போன்ற செல்லோ, வயலின், புல்லாங்குழல், கிளாரினெட், ஓபோ, பசூன் என்று ஒவ்வொன்றாகக் கூடி, பத்தாவதாக, விரல்களால் நரம்புகளை மீட்டும் ஹார்ப் வந்தமரும்போது குழு நிறைவடைகிறது. கதை என்று பெரிதாக எதுவுமில்லை. எனினும் எண்ணிக்கையையும், தனி வாசிப்பு முதல் பதின்மர் குழு வரையிலான இசைக்குழு வகைகளின் பெயர்களையும் குழந்தை தன்னையறியாமலே கற்றுக்கொள்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தவை ஓவியங்களே. வாசிப்பவர்களின் உடல்கள் இசையோடு சேர்ந்து வில்லாய் வளைகின்றன. பூனைகளும் நாயும் எலியும் பக்கந்தோறும் ஓடி விளையாடுவதால், சொற்கள் புரியாத சிறு குழந்தைகூடப் பக்கத்தைப் புரட்டவிடாமல் உற்றுப் பார்க்கிறது.

எதுகை நயம் மிக்க ஆங்கில வரிகளை உரக்கப் படித்தால்தான் அழகு வெளிப்படும். தமிழில் பொருள் சொல்லிப் படிக்கும்போது அந்தத் துள்ளல் குறைந்துவிடுகிறது. தாள வாத்தியம் ஒன்றுகூட இல்லாதது, மிருதங்கம் கேட்டு வளரும் நம் குழந்தைகளுக்கு வியப்பாக இருக்கும். ஓபோவும் பசூனும் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதப்படுபவை என்று சொல்லி, அவற்றின் ஒலிப்பதிவையும் கேட்கச் செய்தால், நான்கு வயதுக் குழந்தைக்கும் அந்தப் பக்கங்கள் உயிர்பெற்றுவிடும்.