செம்பூரில் 42 வீடுகளை நடத்தும் ஒரு குழு: 19 ஆண்டு அனுபவத்தில் என் மதிப்பீடு

மும்பைக்கு வீடு தேடி வரும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், லிஃப்ட் உண்டா, பக்கத்தில் இட்லி மாவு கிடைக்குமா என்று கேட்பார்கள். அந்தக் கட்டிடத்தின் சொசைட்டியை, அதாவது வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தை, நடத்துகிறவர்கள் யார், கணக்கை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் இத்தனை ஆண்டுகளில் இருவரோ மூவரோதான். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் செலுத்தி நாம் பெறும் சேவைகளில் இதைவிட நம் அன்றாடத்தைத் தொடும் சேவை வேறு இல்லை என்பதால், நான் 19 ஆண்டுகளாக வசிக்கும் செம்பூர் கட்டிடத்தின் நிர்வாகக் குழுவைப் பற்றி, ஒரு கடையைப் பற்றியோ உணவகத்தைப் பற்றியோ எழுதும் அதே பொறுப்போடு எழுத விரும்புகிறேன்.

மும்பையில் கூட்டுறவு வீட்டுவசதி 1915இல் காம்தேவியில் சாரஸ்வத் சமூகத்தினர் தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்தது. இன்று 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும், அதன் கீழ் அரசு வகுத்துள்ள மாதிரித் துணைவிதிகளும் இத்தகைய சங்கங்களை வழிநடத்துகின்றன. எங்களுடையது இரண்டு பிரிவுகளும் ஏழு தளங்களும் கொண்ட, 1988இல் கட்டப்பட்ட 42 வீடுகள். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் 11 பேர் குழு, அதில் பெண்களுக்கென்று இரண்டு இடங்கள். தலைவர் கேரளத்துக்காரர், செயலாளர் ஓய்வுபெற்ற மராத்தி அம்மையார், பொருளாளர் பாளையங்கோட்டையிலிருந்து வந்து வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்ணாச்சி. எவருக்கும் சம்பளம் இல்லை.

தினசரிப் பணிகளில் இந்தக் குழுவைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. காவலாளிகள் முறை மாறாமல் வருகிறார்கள், ஈரக் குப்பையும் உலர் குப்பையும் தனித்தனியே போகின்றன, லிஃப்ட் நின்றுபோனால் அன்றே ஆள் வருகிறார். மாநகராட்சித் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே கீழ்த்தொட்டிக்கு வரும். அதை மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்ப்பின் நேரத்தை நிர்வகிப்பது எளிய வேலையாகத் தோன்றினாலும், அதைத் தவறவிட்டால் ஏழாம் தளத்தில் காலைச் சமையலே நின்றுவிடும். 2024 ஜூன் 5 முதல் மாநகராட்சி 10 சதவீதம் தண்ணீரைக் குறைத்தபோது, செயலாளர் அம்மையார் கீழ்த்தொட்டியின் மட்டத்தைக் காலையும் மாலையும் ஓர் அளவுகோலால் அளந்து, லிஃப்ட் வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினார். எத்தனை அங்குலம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, காரைக் குழாய் போட்டுக் கழுவும் பழக்கத்தை எவரும் சொல்லாமலேயே எல்லோரும் விட்டுவிட்டார்கள். டேங்கருக்காக நாங்கள் தனியாகப் பணம் கொடுக்க நேரவில்லை.

எனக்கு நேரடியாகப் பயன்பட்ட ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று மழைக்காலங்களுக்கு முன்பு எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கூரையில் ஒரு தோசைக்கல் அளவுக்கு ஈரம் படர்ந்தது. மும்பைக் கட்டிடங்களில் அண்டை வீட்டாரைப் பகையாளியாக்கும் காரணங்களில் முதலிடம் கசிவுக்குத்தான். மொட்டை மாடியிலிருந்தோ வெளிப்புறப் பொதுக் குழாயிலிருந்தோ கசிந்தால் செலவு சங்கத்துடையது. மேல்வீட்டின் கழிப்பறையிலிருந்தோ கழுவுதொட்டியிலிருந்தோ உள்ளுக்குள் கசிந்தால் செலவு அந்த வீட்டுக்காரருடையது. துணைவிதி இவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை யார் நிரூபிப்பது என்ற இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது.

அண்ணாச்சி ஒரு டார்ச்சும் சாக்பீசும் எடுத்துக்கொண்டு வந்தார். ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிச் சாக்பீசால் கோடு போட்டு, அதன் மேல் தேதியையும் நேரத்தையும் எழுதினார். மறுநாள் ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தது, ஆனால் அன்று மழையே இல்லை. “மேல்வீட்டு பாத்ரூமா, வெளிக்குழாயா, எதுன்னு தெரியாம யார் தலையிலயும் பில்லைக் கட்ட முடியாது டீச்சர், ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க” என்றார். பிறகு மேல்வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அவர்கள் குளியலறையின் தண்ணீர் போகும் வழியைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, அதில் சலவைக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டார். இரண்டாம் நாள் காலையில் எங்கள் கூரையின் ஈரத்தில் வெளிறிய நீலம் தெரிந்தது. மேல்வீட்டுக்காரர் கீழே வந்து, தலையை உயர்த்தி அதைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் பேசாமல் குளியலறைத் தளத்தைப் பெயர்த்துப் போட ஒப்புக்கொண்டார். இன்றும் அந்த வீட்டு தீபாவளிப் பலகாரம் எங்களுக்கு வருகிறது. வேறு கட்டிடத்தில் இருக்கும் என் உறவினர் ஒருவர் இதே சிக்கலுக்காக வழக்கறிஞரிடம் அலைந்துகொண்டிருக்கிறார்.

ஆனால் இந்தக் குழுவின் உண்மையான பலம் அதன் கணக்குப் புத்தகம் என்பது என் கருத்து. மாதந்தோறும் 7ஆம் தேதிக்குள் முந்தைய மாத வரவு செலவு அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடுகிறது. எங்கள் பில்லில் ஒவ்வொரு தொகையும் எந்த அடிப்படையில் பிரிக்கப்பட்டது என்று தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கும். சேவைக் கட்டணம் எல்லா வீடுகளுக்கும் சமம். தண்ணீர்க் கட்டணம் வீட்டிலுள்ள குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. பழுதுபார்ப்பு நிதிக்குக் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதமும், பிற்காலப் பெரிய வேலைகளுக்கான சிங்கிங் ஃபண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதமும் ஒதுக்க வேண்டும் என்பது விதி. லிஃப்ட் செலவு தரைத்தளத்தாருக்கும் சமமாகவே வரும், அதனால் ஆண்டுதோறும் ஒரு மனத்தாங்கல் எழும். ஒவ்வொரு முறையும் செயலாளர் விதிப் பக்கத்தைத் திறந்து வைத்து, மராத்தியில் ஒருமுறையும் இந்தியில் ஒருமுறையும் பொறுமையாக விளக்குவதை நான் பார்த்திருக்கிறேன். குரல் உயர்த்தாமல் விளக்கும் அந்தப் பத்து நிமிடமும் இந்தச் சேவையின் ஒரு பகுதிதான்.

என் பிறந்த ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம். சிறுமியாக இருந்தபோது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைத் தடவிப் பார்த்த எழுத்துகளின் பொருள் எனக்கு இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் ஒரு சிற்றூர் தன் வாரியங்களை, அதாவது நிர்வாகக் குழுக்களை, எப்படி அமைத்தது என்பதைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது தொகுதிகளாக, பிரிக்கப்பட்டது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஆளைத் தேர்ந்தார்கள். சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் 12 பேர் வீதம், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பணிக்காலம் 360 நாள். 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவராக இருக்கக் கூடாது. என்னை மிகவும் கவர்ந்த விதி ஒன்று உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. அந்தச் சபை நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும், ஊர்ப்பணத்தைத் தொட்டவர் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பு, ஏரித் தண்ணீருக்கும் எங்கள் கீழ்த்தொட்டித் தண்ணீருக்கும் ஒன்றாகவே பொருந்துகிறது.

அதே அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது எங்கள் குழுவின் குறைகளும் தெரிகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் வெளிச்சுவர் வண்ணப்பூச்சுக்கு ஒரே ஒரு ஒப்பந்ததாரரிடம் வாய்மொழியாக விலை கேட்டு, பாதிக்கு மேல் முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒரு பிரிவின் சுவரை மட்டும் முடித்துவிட்டுச் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். ஒன்பது மாதம் ஒரு பாதி வெளிர்மஞ்சளும் மறுபாதி பழைய சாம்பலுமாக நின்றோம். அந்த ஆண்டுப் பொதுக்குழுவில் தலைவர் எழுந்து நின்று, தவறு குழுவினுடையது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். அதன் பிறகு எந்தப் பெரிய வேலைக்கும் மூன்று முத்திரையிட்ட விலைப்பட்டியல்கள் வாங்கி, விரும்பிய உறுப்பினர்கள் முன்னிலையில் பிரிக்கிறார்கள். குறையைத் திருத்திக்கொண்டார்கள் என்பதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனாலும் முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் எங்கள் பணம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது குறைக்குக் குழுவைவிட உறுப்பினர்களாகிய நாங்களே அதிகப் பொறுப்பு. ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30க்குள் நடக்க வேண்டும். 14 நாள் முன்னதாகவே அறிவிப்பு வந்துவிடும். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20 பேர், இவற்றில் எது குறைவோ அது வந்தால் கூட்டம் தொடங்கலாம், ஆகவே எங்களுக்கு 20 பேர் போதும். கடந்த ஆண்டு வந்தவர்கள் 13 பேர். அரை மணி நேரம் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒத்திவைத்த கூட்டமாக அதையே நடத்தினோம். 30 ஆண்டுகளைத் தாண்டிய கட்டிடத்துக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய கட்டமைப்பு ஆய்வு உள்ளிட்ட அத்தனை செலவுக்கும் அந்த 13 பேரே கை தூக்கினோம். கடந்த இரண்டு தேர்தல்களிலும் எந்தப் பதவிக்கும் போட்டி இல்லை. அண்ணாச்சிக்கு இப்போது 74 வயது. அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த மாதத்தில் பில்லே வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கையாக இருந்தது.

வாடகைக்கு இருப்பவர்கள் விஷயத்திலும் குழு இன்னும் மனது வைக்கலாம். வெளியாருக்கு வாடகைக்கு விடும் உரிமையாளரிடம் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை கூடுதலாக வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. குடியிருப்பவருக்கோ பொதுக்குழுவில் வாக்கு இல்லை. வாக்கு கொடுக்க விதி இடம் தராது என்றாலும், தண்ணீர், குப்பை, வண்டி நிறுத்தம் பற்றிய பேச்சுகளுக்காவது அவர்களை அழைத்து உட்கார வைக்க எந்த விதியும் தடை சொல்லவில்லை.

கூட்டுறவுச் சங்கக் கட்டிடத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, வீட்டை விற்பவர் மூலமாகச் சங்கத்தின் கடைசித் தணிக்கைக் கணக்கையும், கடைசி இரண்டு பொதுக்குழுக்களின் நடவடிக்கைக் குறிப்புகளையும், கட்டமைப்பு ஆய்வு அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். சட்டம் உறுப்பினருக்குக் கணக்கையும் நடவடிக்கைக் குறிப்புகளையும் கட்டணமின்றிப் பார்க்கும் உரிமை தருகிறது, ஆகவே விற்பவர் தயங்கினால் காரணம் கேளுங்கள். சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வீடுகள் பாக்கி வைத்திருக்கின்றன என்ற இரண்டையும் தவறாமல் பாருங்கள். பாக்கிக்கு வட்டியும் விதிக்கலாம் என்பதால், பழைய உரிமையாளரின் பாக்கி உங்கள் தலையில் வந்து விடியக் கூடாது. பலகையில் கணக்கு தொங்கும் கட்டிடத்தில், சுவர் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் துணிந்து குடிபோகலாம்.

எங்கள் குழுவுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்றில் பாதி வண்ணப்பூச்சுக்கு, பாதி அடுத்த ஆளைத் தயார் செய்யாததற்கு. அந்த இரண்டாவது பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை விரைவில் வரலாம். ஜனவரியிலிருந்து ஞாயிறு காலைகளில், இரண்டாம் தளத்தில் இருக்கும் இளம்பெண் ஒருத்தி, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள், அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து பேரேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறாள். மார்ச் மாத பில்களை அவளே தயாரித்தாள். என் பில்லில் தண்ணீர்க் கட்டணம் 40 ரூபாய் அதிகமாக இருந்தது. சொன்னவுடன் மேலே வந்து, தொகையை அடித்து எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். கீழே போய் அண்ணாச்சியின் கையெழுத்தையும் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தாள்.