பின் ஆக்சில் இரைச்சல்: மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பின் 34,000 கிலோமீட்டர்

2016 முதல் நான் ஓட்டிவரும் ஏழு இருக்கை டீசல் வண்டி பின்சக்கர இயக்கம் கொண்டது. எஞ்சினின் விசை ஜாயின்ட் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் சென்று, கிரவுன் பினியன் என்ற பல்சக்கர இணையில் திசை மாறி, இரண்டு ஆக்சில் ஷாஃப்டுகளுக்கும் பிரிகிறது. இவை அனைத்தும் இரும்போடு இரும்பாக இணைந்திருப்பதால், ஓரிடத்தில் பிறக்கும் சத்தம் வேறோர் இடத்திலிருந்து வருவதுபோலவே காதில் விழும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, வேளச்சேரியில் எங்கள் தெருவில் இந்த வண்டி சக்கரத்தின் மையம் மூழ்கும் அளவு நீரில் இரண்டு நாட்கள் நின்றது. எஞ்சினுக்குள் நீர் ஏறவில்லை என்று உறுதியானதும் தரைவிரிப்பை உலர்த்தி, எஞ்சின் ஆயிலை மாற்றி ஓட்டத் தொடங்கிவிட்டேன். பின் ஆக்சிலை நினைக்கவே இல்லை. அப்போது ஓடியிருந்த தூரம் 1,12,000 கிலோமீட்டர்.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து மாவரைக்கும் இயந்திரம் தொலைவில் ஓடுவதுபோன்ற ஓர் இரைச்சல் எழத் தொடங்கியது. ஒரு பட்டறையில் டயர் தேய்மானம் என்றார்கள். இன்னொரு பட்டறையில் வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே கிரவுன் பினியன் செட்டை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று 38,000 ரூபாய் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, எதையும் கழற்றுவதற்கு முன், சத்தம் எப்போது மாறுகிறது, எப்போது மாறாமல் இருக்கிறது என்பதை நானே கவனிக்க முடிவு செய்தேன்.

அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாக இருந்தபோது, 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினை அணைக்காமல் கியரை மட்டும் நியூட்ரலுக்கு எடுத்தேன். எஞ்சின் ஓசை தணிந்தது, இரைச்சல் தணியவில்லை. ஆகவே அது எஞ்சினையோ கிளட்சையோ சார்ந்ததல்ல. அடுத்து, அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பார்த்தேன். கிரவுன் பினியனின் பற்களில் கோளாறு இருந்தால் அழுத்தும்போது ஒரு தொனியும் விடும்போது வேறொரு தொனியும் கேட்கும், பெரும்பாலும் அது ஊளையிடுவதுபோல மெல்லிய உயர்ந்த ஒலியாக இருக்கும். எனக்குக் கேட்டதோ மாறாத கரகரப்பு. பிறகு முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றினேன். சத்தம் இடம் மாறவில்லை. டயரின் சத்தமாக இருந்தால் தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறும்போதாவது வேறுபட்டிருக்கும், அதுவும் இல்லை.

விடை கத்திப்பாரா மேம்பாலத்தில் கிடைத்தது. நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால் அங்குள்ள சுற்றுப்பாதைகள் இடப்பக்கமாகவே நெடுக வளைகின்றன; வளையும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. வளைவு முழுவதும் இரைச்சல் கூடிக்கொண்டே இருந்தது, நேர்சாலைக்கு வந்ததும் பழைய அளவுக்குக் குறைந்தது. வலப்பக்கம் வளையும் இடங்களில் கிட்டத்தட்ட அடங்கியே போனது. அப்படியானால் பழுது வலப்பக்கச் சக்கர பேரிங்கில்தான் இருக்க வேண்டும்.

எல்லா வண்டிகளுக்கும் இந்த ஒரு சோதனையே முடிவு சொல்லிவிடாது. அதனால் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். அவர் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஆக்சிலின் இரு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியபடியே சுருள்வில்லின் மேல் என் விரல்களை வைக்கச் சொன்னார். “இடது பக்கம் தொட்டுப் பாருங்க சார், இப்போ வலது பக்கம் பாருங்க” என்றார். இடப்பக்கம் வழுவழுப்பாக இருந்தது. வலப்பக்கத்தில் மணலை அரைப்பதுபோன்ற அதிர்வு விரல்நுனியில் தெளிவாகத் தெரிந்தது. பேரிங்கைக் கழற்றியபோது அதன் ஓடுபாதை முழுவதும் பழுப்புநிறத் துருப்புள்ளிகள் இருந்தன. ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் சீலும் கசிந்து பிரேக் ஷூவை நனைக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் சில மாதங்கள் விட்டிருந்தால் பின் பிரேக்கே பிடிக்காமல் போயிருக்கும்.

கிரவுன் பினியன் மூழ்கியிருக்கும் கிரவுன் ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது. சூடான ஆக்சில் நீரில் இறங்கிச் சட்டெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நல்லவேளையாக, வடிகால் பிளக்கின் காந்தத்தில் நுண்ணிய பசை மட்டுமே ஒட்டியிருந்தது, இரும்புச் சில்லுகள் எதுவும் இல்லை. ஆகவே கிரவுன் பினியன் தப்பியது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிய புதிய பேரிங், சீல், பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் காலர், 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் ஆனது.

இடப்பக்க பேரிங்கை அப்போது விட்டுவைத்தது தவறு. 1,39,000 கிலோமீட்டரில் அதே கரகரப்பு திரும்பியது. இம்முறை கத்திப்பாராவில் அடங்கி, வலப்பக்க வளைவுகளில் உயர்ந்ததால், ஒரே நாளில் இனங்கண்டு மாற்றிவிட்டோம். இரண்டும் ஒரே நீரில் இரண்டு நாட்கள் நின்றவை; முதல் தடவையிலேயே சேர்த்து மாற்றியிருக்க வேண்டும். இப்போது 1,46,000 ஆகிறது, 90 கிலோமீட்டர் வேகத்திலும் பின்னால் அமைதியாக இருக்கிறது. சக்கர மையம் வரை நீரில் இறங்க நேர்ந்தால் அந்த வாரமே கிரவுன் ஆயிலின் நிறத்தைத் திறந்து பார்க்கிறேன், வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்பதை உறுதி செய்துகொண்டு.