கேமராவை மாற்ற ஸ்விட்சரா, ஓபிஎஸ்ஸா?

இரண்டு மூன்று கேமராக்களை நேரலையில் மாற்றி மாற்றி வீட்டுக் கணினியில் பதிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஏடெம் மினி போன்ற ஸ்விட்சர், அதாவது பட்டனை அமுக்கிக் கேமராவை மாற்றும் சிறு பெட்டி; இன்னொன்று இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோ.

ஓபிஎஸ்ஸில் எல்லா வேலையும் கணினியின் தலையில்தான். ஒவ்வொரு எச்டிஎம்ஐ கேமராவுக்கும் தனி கேப்சர் கார்டு (கேமராவின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவி) வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். இரண்டு கார்டுகளை ஒரே யூஎஸ்பி ஹப்பில் செருகினால் ஒன்றில் படம் திக்கும், சிலசமயம் வரவே வராது. கணினியின் வெவ்வேறு போர்ட்களில் செருகிப் பாருங்கள். அப்புறம், உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். கேமரா முன் ஒருமுறை கைதட்டிப் பதிவு செய்து, சத்தம் எத்தனை ஃபிரேம் முந்துகிறது என்று எண்ணுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், மூன்று ஃபிரேமுக்கு 100 மில்லிசெகண்ட். அதை ஓபிஎஸ்ஸில் மைக்கின் சிங்க் ஆஃப்செட்டில் (ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு) போட்டால் சரி.

ஏடெம் மினியில் நான்கு எச்டிஎம்ஐ கேமராக்களை நேராகச் செருகலாம். ஃபிரேம் வேகம் வேறுபட்டாலும் பெட்டியே சமாளித்துக்கொள்ளும். கணினிக்குப் போவது வெப்கேம் போல ஒரே படம்தான், அதனால் பழைய மடிக்கணினியும் தாங்கும். திரையைப் பார்க்காமல், பேசிக்கொண்டே பட்டனை அமுக்க முடிவது தனியாகப் பதிவு செய்பவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் யூஎஸ்பி வெப்கேமை இதில் செருக முடியாது.

கையில் இருப்பது வெப்கேம்கள் என்றால் ஓபிஎஸ் போதும். மூன்று எச்டிஎம்ஐ கேமராக்கள் இருந்தால், என் ஓட்டு பெட்டிக்கே. எழுத்தும் படமும் சேர்க்க அதன் வெளியீட்டை ஓபிஎஸ்ஸுக்குள் கொண்டுவரலாம்.