திங்கட்கிழமைக் கூட்டமா, காலைப் பேச்சா, சைட் நடையா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடிநீர்க் குழாய் பதிக்கும் குழுவொன்றுக்குச் சில வருடம் பொறுப்பாக இருந்தேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் மழை குறைவான மழை மறைவுப் பகுதி. இன்ஜினியர்கள் பேசுவது மலையாளம். மேஸ்திரிகளும் பைப் ஒட்டுகிறவர்களும் தமிழ். இரண்டு மொழியும் எல்லோருக்கும் புரியும். ஆனால் 'தப்பு நடந்துபோச்சு' என்று சொல்ல அவரவர் வீட்டு மொழிதான் வரும்.

வேலை எவ்வளவு ஆனது என்று பார்க்க மூன்று முறைகளையும் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறேன். எதில் கெட்ட செய்தி சீக்கிரம் காதுக்கு வருகிறது என்பதுதான் என் அளவுகோல்.

முதலாவது, திங்கட்கிழமைக் கூட்டம். எக்செல் தாளில் வேலை சரியாகப் போனால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், சிக்கலென்றால் சிவப்பு. பைப் எப்போது வரும், பில் எங்கே நிற்கிறது, ஒரே ஜேசிபியை இரண்டு குழு கேட்கிறதா என்பதெல்லாம் தெரிய இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பத்துப் பேர் முன்னால் யார் தன் வரிசையில் சிவப்பு அடிப்பார்? எங்கள் தாளில் ஒரு பகுதி மூன்று வாரம் '90 சதவீதம்' என்றே நின்றது. மீதிப் பத்தில்தான் பாறையும், ரோட்டைக் குறுக்கே வெட்டும் அனுமதியும், அழுத்தச் சோதனையும் இருந்தன. கூட்டம் மலையாளத்தில் நடந்தது. மேஸ்திரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2006இல் ஆலன் முலாலி ஃபோர்டு கார் நிறுவனத் தலைமைக்கு வந்தார். அந்த வருடம் நிறுவனத்துக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் நட்டம். ஆனால் அவருடைய வியாழக்கிழமைக் கூட்டத்தில் தாளெல்லாம் பச்சை. அவருக்குக் கீழிருந்த அதிகாரி மார்க் ஃபீல்ட்ஸ் மட்டும் ஒருநாள் எட்ஜ் வண்டி வேலைக்குச் சிவப்புக் காட்டினார். முலாலி கைதட்டிவிட்டு, இவருக்கு யார் உதவலாம் என்று கேட்டார். அப்புறம்தான் மற்றவர்கள் தாளிலும் நிறம் மாறத் தொடங்கியது. ஆக, கூட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. சிவப்பைப் பார்த்ததும் தலைவர் முகம் எப்படிப் போகிறது என்பதில்தான் விஷயம்.

இரண்டாவது, காலையில் ஷெட் வாசலில் நின்றபடி 15 நிமிடப் பேச்சு. மென்பொருள்காரர்களின் ஸ்க்ரம் முறையிலிருந்து வந்தது. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன என்று மூன்று கேள்விகள். ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பிலேயே இந்த மூன்றையும் எடுத்துவிட்டார்கள். நானும் முதல் கேள்வியை விட்டேன், அது வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிட்டது. டீசல் இல்லை, வெல்டிங் மெஷின் சூடாகவில்லை போன்ற சில்லறைத் தடைக்கு இது போதும். பெரிய பயத்தை யாரும் நின்றுகொண்டு சொல்வதில்லை.

வாட்ஸ்அப் போட்டோவை ரிவ்யூ என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூடிய பள்ளம் எப்போதுமே அழகாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, ஒருவரோடு மட்டும் பள்ளத்தோரம் நடப்பது. எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் நடக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. "கீழ முழுசும் பாறைங்க சார், தேதி தாங்காது" என்று அதே மேஸ்திரி சொன்னது இப்படித்தான், தமிழில். நேரம் நிறையத் தின்னும். நாலு இடத்தில் வேலை நடந்தால் எல்லோரோடும் நடக்க முடியாது. விட்டுப்போனவருக்குச் சந்தேகம் வரும். இதில் நான் ஒரு பெரிய பிழையும் செய்தேன். நடையில் கேட்டதைத் திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் எடுத்து வைத்துவிட்டேன். அந்த மனிதர் என்னோடு மறுபடி மனம்விட்டுப் பேச இரண்டு மாதம் ஆனது.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நடைதான் என்பேன். இரண்டுக்கு இடமிருந்தால் சனிக்கிழமை நடை, திங்கட்கிழமை அரைமணிக் கூட்டம். தாளில் 'ஏன் தாமதம்' என்ற பத்தியை எடுத்துவிட்டு 'என்ன வேணும்' என்று போட்டோம். தமிழிலும் எழுதலாம் என்றோம். முதல் வாரம் அந்தப் பத்தி காலியாகவே வந்தது. மூன்றாம் வாரம் மேஸ்திரி எழுதியிருந்தார்: 'பாறை உடைக்கிற பிரேக்கர், ரெண்டு நாளைக்கு.'