முழுப் பல்செட்டை ‘ஃபிளெக்சிபிள்’ல கட்டுறோம் என்றால் உஷார்

வடபழனிப் பக்கம் ஒரு தனியார் பல் கிளினிக்கில் அம்மாவுக்குப் பல்செட் கட்டினோம். மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுவதால் வாய் எப்போதும் காய்ந்தே இருக்கும். அதைச் சொன்னோம். “ஃபிளெக்சிபிள் போட்டுக்கலாம்மா, எச்சிலே வேணாம், தானா ஈறைப் பிடிச்சுக்கும்” என்றார்கள். ஃபிளெக்சிபிள் என்றால் வளையக்கூடிய பிளாஸ்டிக் செட். 38,000 ரூபாய்.

அந்த “எச்சிலே வேணாம்”தான் பெரிய புளுகு. பல்செட் நிற்பதே எச்சிலால்தான். செட்டின் உள்பக்கத்துக்கும் ஈறுக்கும் நடுவே எச்சில் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் அவ்வளவு சுலபமாகப் பரவாது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்று அளப்பார்கள். கோணம் குறையக் குறைய ஈரம் நன்றாகப் பரவுகிறது என்று அர்த்தம். வழக்கமாகப் பல்செட் கட்டும் அக்ரிலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கிலேயே அது சுமார் 70 பாகை, அதாவது ஈரம் சுமாராகத்தான் பரவும். ஃபிளெக்சிபிள் என்பது நைலான் வகை. அதற்கும் எச்சில் வேண்டும். வாய் காய்ந்தவர்களுக்கு எந்த மெட்டீரியலும் மந்திரம் போடாது.

இன்னொன்றையும் சொல்லவில்லை. ஃபிளெக்சிபிள் பெரும்பாலும் ஒன்றிரண்டு பல் போனவர்களுக்குத்தான்; பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முழு செட்டில் பிடிக்கப் பல் ஏது? மெல்லும்போது செட் வளைகிறது, ஓரத்தில் காற்று புகுகிறது, கழன்றுவிடுகிறது. அம்மா இட்லியைக்கூட ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்.

திரும்பப் போனால், “பழகப் பழகச் சரியாகிடும்மா” என்று ஒட்டும் பேஸ்ட்டைத் தலையில் கட்டினார்கள், அதற்குத் தனிக் காசு. ஈறு புண்ணானதைக் காட்டியதும் செட்டை உள்ளே கொண்டுபோய், உள்பக்கம் முழுக்க வழவழவென்று பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். வெளிப்பக்கம் பளபளக்கலாம். ஈறின் அச்சு பதிந்த உள்பக்கத்தைத் தேய்த்தால் பொருத்தமே போச்சு! குழாயடியில் காட்டிப் பார்த்தேன், தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. அதற்கு முன் கொஞ்சமாவது நின்ற மேல் செட்டும் அதோடு விழ ஆரம்பித்தது.

அப்புறம் கோட்டை ரயில் நிலையம் பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். கூட்டம் அதிகம், அலைச்சல்தான். ஆனால் அளவெடுக்கும் முன்பே வாயை, மாத்திரைச் சீட்டை எல்லாம் பார்த்தார்கள். இப்போது அக்ரிலிக் செட். போடுமுன் செட்டை நனைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார். செயற்கை உமிழ்நீரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட வேண்டும், வெந்நீர் கூடாது, செட் கோணிவிடும். கீழ் செட் இன்னும் லேசாக ஆடத்தான் செய்கிறது. ஆனால் சாம்பார் சாதம் இரண்டு கையும் விட்டுச் சாப்பிடுகிறார்.

கிளினிக் பணத்தைத் தரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருஷம் வரை நேரம் உண்டு, கொடுக்கப்போகிறேன். சிக்கல் என்னவென்றால், பில்லில் ‘பல்செட்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கட்டுவதாக இருந்தால் மெட்டீரியல் பெயரையும், மேல் எவ்வளவு கீழ் எவ்வளவு என்பதையும் எழுதி வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.